எங்கள் வெல்டிங், இன்னொருவர் ஸ்டிக்கர்

2019 ஏப்ரல் 18, மக்களவைத் தேர்தல் நாள். கோவை கணபதியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து அரசுப் பள்ளியில்தான் வாக்குச்சாவடி. வரிசை நகரவே இல்லை. வகுப்பறையிலிருந்து எடுத்த டெஸ்க்குகளை வராந்தாவில் அடுக்கி வைத்திருந்தார்கள். கால் கடுத்ததால் ஒன்றில் சாய்ந்து நின்றேன். கை தானாக அதன் அடிப்பக்கம் போனது. பட்டறைக்காரர்களுக்கு அது ஒரு வியாதி.

மூலையில் வெல்டிங் புள்ளி இரண்டு இருந்தது. ஒரு புள்ளி போதும் என்று மற்றவர்கள் விட்டுவிடுகிற இடத்தில், பக்கத்திலேயே இன்னொன்று வைத்து, கிரைண்டரைச் சாய்வாக ஒரே இழுப்பில் இழுத்து முடிப்பது எங்கள் மேஸ்திரியின் கை. அப்பா காலத்திலிருந்து அவர் அப்படித்தான். குனிந்து பார்த்தால், வேறு ஊர்க் கம்பெனி ஒன்றின் பெயரோடு ஸ்டிக்கர். அந்த ஸ்டிக்கரை ஒட்டியதும் நாங்கள்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர்களுக்கு ஜாப் ஒர்க்காக டெஸ்க் செய்து கொடுத்தபோது ரோல் ரோலாக அனுப்பியிருந்தார்கள். சரக்கு யாருக்குப் போகிறது என்று நான் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை.

ஓட்டுப் போட்டுவிட்டு வந்து, ஒரு வெள்ளைத்தாளில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி அந்த டெஸ்க்குகளை என்ன விலைக்கு வாங்கினார்கள் என்று மனு எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினேன். ஐந்து வாரத்தில் பதில் வந்தது. ஒரு செட் 4,650 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறார்கள். இரும்பும் கூலியும் சேர்த்து எங்களுக்குக் கிடைத்தது 3,100.

அன்றைக்கு வந்த கோபத்தில் யோசித்தது ஒன்று, இப்போது தோன்றுவது இன்னொன்று. நடுவில் இருந்தவர் 1,550 ரூபாயைச் சும்மா விழுங்கினார் என்றுதான் அப்போது நினைத்தேன். பிறகு நானே டெண்டர் போட ஆரம்பித்ததும்தான் கணக்கு புரிந்தது. நூற்றுச் சொச்சம் பள்ளிகளுக்கு லாரி வாடகை, மாதக் கணக்கில் முடங்கிக் கிடக்கும் இ.எம்.டி. (டெண்டர் போடும்போதே கட்டும் பிணைத்தொகை), அதற்கு மேல் கட்டும் செக்யூரிட்டி டெபாசிட், பில் பாஸாகும் வரை கட்ட வேண்டிய வட்டி. லாபமும் லாரி வாடகையும் போக மிச்சம் எல்லாம் காத்திருப்பதற்கான கூலி. பணம் மெதுவாகக் கொடுக்கிற வாங்குநர் அந்த மெதுவுக்கும் சேர்த்தே விலை கொடுக்கிறார். அது பில்லில் தனி வரியாக வருவதில்லை, அவ்வளவுதான்.

நானே நேரடியாகப் போடுவது என்று முடிவெடுத்தேன். ஒன்பது பேர் வேலை செய்கிற பட்டறை. அப்பா போனபிறகு 2016 முதல் நான்தான் பார்க்கிறேன்.

முதல் டெண்டர் கேவலமாகத் தோற்றது. விலையில் தோற்றிருந்தால்கூடப் பரவாயில்லை. டெண்டர்களில் ஒளிவுமறைவு இருக்கக்கூடாது என்று தமிழ்நாட்டில் 1998-லேயே சட்டம் வந்துவிட்டது. அதன் விதிகளின்படி 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும். தந்திருந்தார்கள். ஆனால் எனக்குத் தெரிய வந்தபோது மிச்சம் ஆறு நாள். ஆன்லைனில் டெண்டர் ஏற்றத் தேவையான டிஜிட்டல் சிக்னேச்சர் வாங்க மூன்று நாள் போனது. கடைசி நாள் மதியம் 3 மணிக்கு நேரம் முடிகிறது. 2.20-க்கு விலை நிரப்பிய பி.ஓ.க்யூ. (பொருள், விலைப் பட்டியல்) எக்செல் கோப்பை ஏற்றினால் ஏற மாட்டேன் என்கிறது. மறுபடி, மறுபடி. ஹெல்ப்லைன் பிஸி. 2.50-க்கு என் தம்பி வந்து பார்த்துவிட்டுக் கேட்டான்: "அக்கா, ஃபைல் பேரை மாத்தினியா?" மாற்றியிருந்தேன். அழகாக இருக்கட்டும் என்று எங்கள் பட்டறைப் பெயரைச் சேர்த்திருந்தேன். அந்தக் கோப்பின் பெயரில் ஒரு எழுத்தைக்கூடத் தொடக்கூடாது. பழைய பெயருக்கு மாற்றி, மேக்ரோவை இயக்கி, விலையைத் திரும்ப நிரப்பும்போது மணி 3.01.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: டெண்டர் தேடுவதற்கு முன் டிஜிட்டல் சிக்னேச்சர் வாங்குங்கள், அது காலாவதியாகும் தேதியைக் காலண்டரில் எழுதுங்கள், கடைசி நாளுக்கு முந்தின நாளே ஏற்றுங்கள். ஏற்றியதைத் திருத்தி மறுபடி ஏற்ற, நேரம் முடியும் வரை வழி உண்டு.

இரண்டாவது டெண்டரில் கோப்பு ஏறியது, நாங்கள் ஏறவில்லை. மூன்று வருட சராசரி டர்ன்ஓவர் 3 கோடி வேண்டும், இதே பொருளை அரசுக்கு சப்ளை செய்த அனுபவச் சான்று வேண்டும். அதே மாதிரி டெஸ்க்தான். ஆயிரக்கணக்கில் செய்திருக்கிறோம். ஆனால் ஜாப் ஒர்க் அனுபவத்தில் சேராது. வேலை எங்களுடையது, சான்று ஸ்டிக்கர்காரருடையது.

அனுபவச் சான்றுக்கு நான் பிடித்த வழி ஜெம். 2016-ல் மத்திய அரசு தொடங்கிய அந்தக் கொள்முதல் தளத்தைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். எனக்கும் குறை உண்டு. தகடு எத்தனை கேஜ் என்றே தெரியாத வியாபாரிகள் எங்கள் அடக்கவிலைக்கும் கீழே போட்டு வைத்திருப்பார்கள். ஆனால் சின்ன ஆர்டர் அங்கேதான் கிடைக்கும். ஒரு மத்திய அரசு அலுவலகத்துக்கு ஆறு ரேக், 38,000 ரூபாய். லாபம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் பெயரில் அரசு கொடுத்த முதல் கொள்முதல் ஆணை அது. அப்படி எட்டு, பத்து சேர்ந்ததும் 'முன் அனுபவம் இல்லை' என்று யாரும் ஒரே வரியில் தள்ள முடியவில்லை.

நடுவில் இன்னொரு பள்ளம். 2020 ஜூலையில் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு வந்தபோது எங்கள் ஆடிட்டர் ஆபீஸ் பையன் 'சேவை' என்று போட்டுவிட்டான். ஜாப் ஒர்க்தானே என்று நினைத்திருக்கிறான். பொருள் வாங்கும் டெண்டர்களில் குறு, சிறு நிறுவனச் சலுகை அந்தப் பொருளை உற்பத்தி செய்பவருக்குத்தான். சேவையென்று பதிந்தவருக்கும் கிடையாது, வாங்கி விற்கும் வியாபாரிக்கும் கிடையாது. தொழில்நுட்பச் சுற்றில் தள்ளப்பட்ட பிறகுதான் சான்றிதழையே முதன்முறையாக முழுதாகப் படித்தேன். திருத்தக் காசு கிடையாது, அரை மணி நேர வேலை. அதற்குள் ஒரு டெண்டர் போய்விட்டது. உங்கள் சான்றிதழில் உற்பத்தி என்று இருக்கிறதா, நீங்கள் செய்யும் பொருளின் தொழில் குறியீடு இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

2021-ல் வந்ததுதான் எங்களை மாற்றிய டெண்டர். மத்திய அரசின் நிறுவனம் ஒன்று, எட்டு கிடங்குகளுக்கு 2,400 ரேக். மறுபடியும் அதே டர்ன்ஓவர், அதே அனுபவம். இந்த முறை அழுதுகொண்டு உட்காராமல், டெண்டர் போடும் முன் சந்தேகம் கேட்கிற ப்ரீ-பிட் கூட்டத்துக்குப் போனேன். வந்திருந்தவர்களில் நான் மட்டும்தான் பெண், நான் மட்டும்தான் பஸ்ஸில் வந்தவள். கேள்வி நேரத்தில் எழுந்து, டர்ன்ஓவரைக் குறைக்கக் கூடாதா சார் என்று கேட்டேன். மேலே பார்ப்போம் என்று முடித்துவிட்டார்கள். வெளியே டீ குடிக்கும்போது கூட்டம் நடத்திய அதிகாரி அருகில் வந்தார்.

"மேடம், நீங்க கேட்டதுல தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா என் நிலைமையையும் பாருங்க. பெரிய கம்பெனிக்குக் கொடுத்து அவன் சொதப்பினா, ஏன் அவனுக்குக் கொடுத்தேன்னு ஆடிட்ல யாரும் கேட்க மாட்டாங்க. கண்டிஷனைத் தளர்த்தி உங்களுக்குக் கொடுத்து நீங்க ஒரு வாரம் லேட் பண்ணினா, ஏன் தளர்த்தினேன்னு எழுத்துல கேப்பாங்க. எனக்கு ரிடையர்மென்ட்டுக்கு நாலு வருஷம் இருக்குது."

அதுவரை எதிரில் இருப்பது அலட்சியம் என்று நினைத்திருந்தேன். பயம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பயந்தவரிடம் நியாயம் பேசிப் பிரயோஜனம் இல்லை, அவருக்குக் குடை கொடுக்க வேண்டும். அவருடைய குடை, கோப்பில் வைக்க ஒரு தாள்.

ஊருக்கு வந்து தாள்களைத் தேடினேன். முதலாவது, 2012-ல் வந்த குறு, சிறு நிறுவனங்களுக்கான பொதுக் கொள்முதல் கொள்கை ஆணை. மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் வருடக் கொள்முதலில் 20 சதவீதத்தை எங்களைப் போன்றவர்களிடம் வாங்க வேண்டும் என்றது அது. 2018-ல் 25 சதவீதமானது. அதற்குள் பட்டியல் சாதி, பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களுக்கு 4, பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு 3. இ.எம்.டி. கிடையாது, டெண்டர் படிவத்துக்குப் பணம் கிடையாது. முக்கியமானது இன்னொன்று: எங்கள் விலை எல்-1 விலைக்கு (எல்லாரும் போட்டதில் குறைந்த விலை) மேல் 15 சதவீதத்துக்குள் இருந்து, எல்-1 விலைக்கு இறங்கி வரச் சம்மதித்தால் மொத்தத்தில் 25 சதவீதம் வரை எங்களுக்கு. இரண்டாவது தாள் 2016 மார்ச்சில் வந்த சுற்றறிக்கை. தரமும் தொழில்நுட்பத் தேவையும் சரியாக இருந்தால் முந்தைய டர்ன்ஓவர், அனுபவ நிபந்தனைகளைத் தளர்த்தலாம் என்கிறது.

தளர்த்த 'லாம்'. அந்த 'லாம்' இருக்கிறதே, அதுதான் நம்மைக் கொல்வது. 'வேண்டும்' என்றிருந்தால் அவர் தளர்த்திவிட்டுத் தூங்கப் போவார். 'லாம்' என்றால் அந்த முடிவுக்கு அவர் பெயர் வரும். (மாநில அரசு டெண்டர்களுக்கு இந்த மத்திய ஆணை தானாகப் பொருந்தாது. அங்கே சலுகைகள் வேறு, டெண்டருக்கு டெண்டர் படித்துப் பார்க்க வேண்டும். இதைத் தெரியாமல் நான் ஒரு மாநில அலுவலகத்தில் சட்டம் பேசி அசடு வழிந்தது தனிக் கதை.)

இரண்டின் நகலையும் இணைத்து ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். குறை எதுவும் சொல்லவில்லை. 'மேற்படி சுற்றறிக்கையின் இந்தப் பத்தியின்படி தளர்த்தக் கோருகிறோம். தரத்துக்கு உறுதியாக, ஒப்பந்தத்துக்கு முன் ஒரு மாதிரி ரேக் சொந்தச் செலவில் செய்து, பாரம் ஏற்றிச் சோதித்துக் காட்டுகிறோம்' என்றேன். கூடவே இன்னொன்றும் கேட்டேன்: எட்டுக் கிடங்கையும் ஒரே மூட்டையாகக் கட்டாமல் கிடங்கு வாரியாக விலை கேட்க முடியுமா, பணமும் கிடங்கு வாரியாகத் தர முடியுமா?

பத்து நாளில் திருத்த அறிவிப்பு வந்தது. டர்ன்ஓவர், அனுபவ நிபந்தனைகள் குறு, சிறு நிறுவனங்களுக்கு இல்லை, ஆனால் மாதிரி சோதனை கட்டாயம். பணம் கிடங்கு வாரியாக. விலை மட்டும் மொத்தமாகத்தான். கொள்முதலைத் துண்டு போடக்கூடாது என்று விதி இருக்கிறதாம். பொது நிதி விதிகளில் அப்படி ஒரு விதி உண்மைதான். ஆனால் மேலதிகாரியின் அனுமதியையும் போட்டியையும் தவிர்ப்பதற்காகப் பிரித்துப் பிரித்து வாங்குவதைத்தான் அது தடுக்கிறது. ஒரே அனுமதி, ஒரே டெண்டர், அதற்குள் எட்டுப் பங்கு என்று பகிரங்கமாகக் கேட்பது வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாத அதிகாரியை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். சின்ன ஆட்களை உள்ளே விட அரசுக்குப் புதுத் திட்டமெல்லாம் வேண்டாம், இந்த ஒரு குழப்பம் தீர்ந்தால் பாதிக் கதவு திறந்துவிடும்.

எல்-1 விலை ரேக்குக்கு 4,380. நாங்கள் போட்டது 4,770. பதினைந்து சதவீதத்துக்குள் இருந்தோம். 4,380-க்கு இறங்கினால் 600 ரேக் உங்களுக்கு, சம்மதமா என்று கடிதம் வந்தது.

அந்த இரவு பட்டறையில் மேஸ்திரியும் நானும் மட்டும். இரும்பு விலை வாராவாரம் ஏறிக்கொண்டிருந்த வருடம் அது. ஒப்பந்தத்திலோ விலை உயர்வுக்கு இடமில்லை. 390 ரூபாயை எங்கே பிடிப்பது? நான் லாரி வாடகையிலிருந்து தொடங்கினேன். எட்டு ஊருக்குமான சராசரியாக ரேக்குக்கு 310 போட்டிருந்தேன். எங்கள் 600-ஐயும் பக்கத்திலுள்ள இரண்டு கிடங்குகளுக்கே ஒதுக்கினால் 120 போதும். கேட்டுப் பார்ப்போம். 190 கிடைத்தது. மேஸ்திரி சாக்பீஸை எடுத்துத் தரையில் தகடு வரைந்தார். எட்டுக்கு நாலு தகட்டில் ஷெல்ஃப் வெட்டினால் ஓரத்தில் ஒரு பட்டை வீணாகப் போகிறது.

"அம்மணி, ஷீட்டா வாங்காதீங்க. சுருளா வர்ற காயில்ல இருந்து நம்ம அளவுக்கு வெட்டித் தரச் சொல்லுங்க. இந்தப் பட்டையே வராதுங்க."

"குறைஞ்ச டன்னுக்கு வெட்டித் தருவாங்களாண்ணா?"

"அறுநூறு ரேக்குன்னு சொல்லுங்க, தருவாங்க."

அதில் 110. மிச்சம் 90 ரூபாயை லாபத்திலிருந்து எடுத்தேன். எல்-1 விலைக்கு இறங்கச் சொல்லிக் கடிதம் வந்தால் சந்தோஷத்தில் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். இறங்கிய விலைக்குக் கட்டுமா என்று விலை போடும் அன்றைக்கே பார்த்து வைத்திருக்க வேண்டும். கட்டாமல் இறங்கிய இரண்டு பட்டறைகளை எனக்குத் தெரியும். ஒன்று இப்போது மொபைல் கடை.

சரக்கு நேரத்துக்குப் போனது. முதல் கிடங்கின் பணம் 31 நாளில் வந்தது. இரண்டாவது கிடங்குக்குப் போன 250 ரேக்கின் பணம், வரி போக 11 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு, வரவே இல்லை. வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்திட வேண்டியவர் நீண்ட விடுப்பில் போயிருந்தார். மாற்று ஆளுக்கு அதிகாரம் இல்லை. கிடங்கில் எங்கள் ரேக்கில் சாமான் அடுக்கியாகிவிட்டது, கோப்பில் மட்டும் ரேக் இன்னும் வந்து சேரவில்லை.

சட்டம் என்னவோ தெளிவாகத்தான் இருக்கிறது. 2006-ம் வருட குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி 45 நாளுக்கு மேல் எந்த வாங்குநரும் பணத்தை நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. 2017-லேயே மத்திய அரசின் சமாதான் தளத்தில் ஆன்லைனில் புகார் கொடுக்கும் வழி வந்துவிட்டது. விசாரிக்கும் கவுன்சில் கோவையிலேயே உண்டு. ஆனால் அடுத்த டெண்டரும் அவர்களிடம்தானே போட வேண்டும்? பக்கத்துப் பட்டறைக்காரர்கள் எல்லாரும் வேண்டாம் என்றார்கள்.

135-வது நாள் ஒரு கடிதம் மட்டும் எழுதினேன். புகார் என்ற சொல்லே அதில் இல்லை. அப்போது வங்கி விகிதம் 4.25. மூன்று மடங்கு 12.75. 45 நாள் போக 90 நாளுக்கு வட்டி சுமார் 35,000 ரூபாய் என்று அட்டவணை போட்டு, 'தங்கள் தணிக்கைக் குறிப்புக்காக' என்று தலைப்பிட்டு நிதிப் பிரிவுக்கு ஒரு நகல் அனுப்பினேன். இரண்டு வாரத்தில் அசல் வந்தது. வட்டி வரவில்லை, நானும் கேட்கவில்லை. சரியா தவறா என்று தெரியாது, அந்த மாதச் சம்பளம் போட வேண்டியிருந்தது. டீ கடையில் அந்த அதிகாரி சொன்ன அதே ஆடிட் பயம், இந்தத் தடவை எனக்காக வேலை செய்தது.

2024 ஏப்ரலிலிருந்து தனியார் கம்பெனிகள் 45 நாளுக்குள் பணம் தர ஆரம்பித்திருக்கின்றன. தராவிட்டால் அந்தத் தொகையைப் பணம் கொடுத்த வருடத்தில்தான் செலவாகக் காட்ட முடியும் என்று வருமான வரிச் சட்டத்தில் பிரிவு வந்ததுதான் காரணம். வருமான வரியே கட்டாத அரசு அலுவலகத்துக்கு அந்தப் பயமும் கிடையாது.

சின்னச் சின்னதாக வாங்கினால் நிர்வாகம் குழம்பிவிடும் என்று சொல்கிறவர்களிடம் நான் மருந்தைக் காட்டுவேன். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1990-களின் நடுவிலிருந்து ஒரே டெண்டரில் விலையை முடிவு செய்து, மாவட்டக் கிடங்குகளில் இருப்பு குறையக் குறைய ஆர்டர் போடுகிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பாஸ்புக் உண்டு, ஒதுக்கிய தொகைக்குள் தேவையானதை எடுத்துக்கொள்ளலாம். ஆய்வகத்தில் தரம் பார்த்த பிறகுதான் மருந்து வெளியே போகும். அரசுப் பள்ளிச் சீருடையைப் பெண்களின் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் தைத்துக் கொடுக்கின்றன. அதுவும் ஊர் ஊராகப் பிரிந்து கிடக்கும் வேலைதான். மாத்திரைக்கும் சட்டைக்கும் முடிந்தது டெஸ்க்குக்கு ஏன் முடியாது?

போன மக்களவைத் தேர்தலுக்கு, 2024 ஏப்ரல் 19, அதே பள்ளிக்குத்தான் போனேன். அதே டெஸ்க்குகள் வராந்தாவில். ஸ்டிக்கர் உரிந்துவிட்டது. வெல்டிங் புள்ளிகள் இரண்டும் அப்படியே இருக்கின்றன. ஆனால் கால்கள் நாலும் அடியில் அரை அங்குலத்துக்குத் துருப்பிடித்துச் சொரசொரவென்று இருந்தன. தினமும் தரையைக் கழுவுகிற தண்ணீர். காலுக்கு ரப்பர் புஷ் போட்டிருந்தால் வந்திருக்காது. ஒரு டெஸ்க்குக்கு முப்பது ரூபாய் ஆகியிருக்கும். டெண்டரில் கேட்கவில்லை, ஸ்டிக்கர்காரர் சொல்லவில்லை, நாங்களும் போடவில்லை. எல்-1 போட்டியில் கேட்காத முப்பது ரூபாயைப் போடுகிறவன் தோற்றுப்போவான்.

அடுத்து வந்த டெஸ்க் டெண்டரின் ப்ரீ-பிட் கேள்விகளில் துருப்பிடித்த காலின் போட்டோவை இணைத்து, 'விவரக்குறிப்பில் ரப்பர் புஷ் சேர்க்கப்படுமா?' என்று கேட்டிருந்தேன். பதில் வந்தது.

'டெண்டர் நிபந்தனைகளின்படி.'